இரத்தினபுரியும் பிறந்த மாதக் கல்லும்

கொழும்பிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தில், களுகங்கையின் கரையில், மலைகள் சூழ அமைந்திருக்கின்றது இரத்தினபுரி. சபரகமுவ மாகாணத்தின் தலைநகர் இதுவே. அவிசாவளையைத் தாண்டியதும் வீதியின் இருமருங்கும் இறப்பர்த் தோட்டங்கள் நிழல் பரப்புகின்றன. எகலியகொடை, குருவிட்ட ஆகிய ஊர்களைக் கடக்கையில், பச்சை வயல்களின் நடுவே ஓலை வேய்ந்த சிறு பந்தல்கள் ஆங்காங்கே தென்படும். புதிதாகச் செல்வோர் அவற்றை நெற்காவலுக்கு இட்ட கொட்டில்கள் என்றே எண்ணுவர். உண்மையில் அவை இரத்தினக்கற் குழிகளின் மேல் மழைக்காக இடப்பட்ட கூரைகளாம். மழைக்கு இவ்வூரிற் குறைவில்லை. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேற் பொழிகின்றது. களுகங்கை பெருக்கெடுத்து நகருக்குள் புகுவதும் இவ்வூரார் பழகிய துன்பமே.

இரத்தினபுரி என்ற பெயருக்குத் தமிழர்க்குப் பொருளுரைக்க வேண்டியதில்லை. இந்நாட்டின் மணிகளைப் பற்றிய புகழ் மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இலங்கை மன்னனிடம் இருந்த மாணிக்கமொன்றைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். 1344ஆம் ஆண்டில் புத்தளத்தில் வந்திறங்கிய இபுன் பதூதா கூறும் செய்தி நமக்கு இன்னும் அண்மையானது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை அவர் அங்கே கண்டார். அம்மன்னரிடம் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்ததாகவும், அதில் அகில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாகவும் அவர் எழுதி வைத்திருக்கின்றார். அதன் பின்னரே மன்னரின் உதவியுடன் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை சென்றார். அம்மலையின் தென்புற அடிவாரத்திலேதான் இரத்தினபுரி இருக்கின்றது.

மண்ணுக்குள் மணி

இம்மலைநாட்டுப் பாறைகள் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. மணிகள் அவற்றுள்ளே பிறந்தன. மழையும் வெயிலும் எண்ணற்ற ஆண்டுகளாகப் பாறைகளை அரித்துப் பொடியாக்க, ஆறுகள் அப்பொடியைப் பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டு வந்தன. இலேசான மண் மேலும் அடித்துச் செல்லப்பட்டது. பாரமும் கடினமும் மிக்க மணிகள் கூழாங்கற்களுடன் அடியிற் படிந்தன. இவ்வாறு படிந்த சரளைப் படையைச் சிங்கள மக்கள் ‘இல்லம்’ என்று அழைக்கின்றனர். மணிகள் குடியிருக்கும் இல்லம் என்று தமிழர் பொருள்கொண்டாலும் குற்றமில்லை.

சில இடங்களில் இரண்டு மூன்று அடிகளிலேயே இல்லம் தட்டுப்படும். சில இடங்களில் 50 அடிக்குக் கீழும் இறங்க வேண்டும். முதலில் நல்ல நாளும் நேரமும் பார்த்துத் தெய்வத்துக்கு விளக்கேற்றுகின்றனர். பின்னர் சதுரமாகக் குழி தோண்டுகின்றனர். பக்கங்கள் இடிந்து விழாதவாறு மரக்கட்டைகளைச் சட்டம்போல் அடுக்கி, இடைவெளிகளிற் கெக்கில்ல என்னும் பன்னச் செடியின் இலைகளை நெருக்கமாகச் செருகுகின்றனர். ஊறிவரும் நீரை இயந்திரம் ஓயாது இறைத்துக்கொண்டேயிருக்கும். அது நின்றால் குழியினுள் இருப்பவனுடைய உயிர் ஆபத்துக்குள்ளாகும்.

மேலே கொண்டுவரப்பட்ட சரளையைப் பிரம்புக் கூடைகளிலிட்டு, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றுகின்றனர். நம் பெண்கள் சுளகினால் அரிசி கொழிக்கும்போது எத்தகைய கைத்திறம் வேண்டுமோ, அத்தகைய கைத்திறம் இதற்கும் வேண்டும். மண் கரைந்தோடும், இலேசான கற்கள் விளிம்பால் வழியும், பாரமானவை நடுவிலே தங்கும். இறுதியில் அனுபவமிக்க ஒருவர் அக்கூடையைச் சூரியனுக்கு எதிரே சாய்த்து விரலால் கிளறிப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்தில் பேச்சு அடங்கிவிடுகின்றது. பெரும்பாலும் அவர் கையை உதறிவிட்டுக் கூடையைக் கவிழ்ப்பதோடு அன்றைய வேலை முடிந்துவிடும்.

நிலத்துக்குரியவர், அனுமதிப்பத்திரம் பெற்றவர், இறைக்கும் இயந்திரத்துக்குரியவர், செலவுக்குப் பணம் போட்டவர், குழியில் இறங்குபவர் என்று பலருக்கும் கிடைக்கும் கல்லிற் பங்குண்டு. கல் கிடையாத நாட்களில் தொழிலாளிக்குச் சோறும் சிறு கைச்செலவுமே கிடைக்கும். மாதக்கணக்கிற் கிடைக்காமற் போவதும் உண்டு.

குருவிட்டவுக்கு அப்பால் நாம் கண்ட குழியொன்றில் தமிழர் ஒருவரும் வேலை செய்தார். அயலிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்தவர், ஐம்பது வயதிருக்கும். வந்த காரியம் யாதென அவர் வினவ, பிறந்த மாதத்துக்குரிய கல் வாங்க வந்தோம் என்றோம். அவர் சிரித்தார்.

“நான் பொறந்த மாசமே எனக்குச் சரியாத் தெரியாதுங்க ஐயா. கொழுந்து நெறைஞ்ச மாசம், மழை பேஞ்ச ராத்திரின்னு அம்மா சொல்லும். கார்டுல இருக்கிறது யாரோ பொறகு எழுதின தேதி.”

இதைக் குறையாக அவர் கூறவில்லை, செய்தியாகவே கூறினார். ஆயினும் அவ்வார்த்தை நம்மை விட்டகலவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமூகத்துக்குப் பிறந்த நாளும் பிறந்த இடமும் எழுதப்பட்ட ஒரு துண்டுக் கடதாசி எத்தனை விலையுயர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் அக்குறை பெரும்பாலும் தீர்ந்ததெனினும், பதிவில்லாது கழிந்த பிறப்புகளின் நினைவு முதியோரிடம் இன்னும் இருக்கின்றது. பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்று நாம் எளிதாகச் சொல்கின்றோம். அக்கல்லைத் தோண்டி எடுப்பவனுக்கோ மாதமே கிட்டவில்லை.

மாதக் கல்லின் வரலாறு

பன்னிரு மாதங்களுக்குப் பன்னிரு கற்கள் என்னும் வழக்கம் நம்முடையதன்று. யூதரின் தலைமைக் குருவான ஆரோன் அணிந்த மார்புப் பதக்கத்தில் பன்னிரு கற்கள் இருந்தனவென விவிலியத்தின் யாத்திராகமம் கூறுகின்றது. அவற்றைப் பன்னிரு மாதங்களோடு இணைத்துப் பேசியோர் பிற்காலத்தவர். அவரவர் பிறந்த மாதத்துக்குரிய கல்லை அணியும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டளவில் போலந்து நாட்டிற் பரவியதென அறிஞர் கூறுவர். நாட்டுக்கு நாடு பட்டியல் வேறுபட்டிருந்தது. 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் சங்கத்தார் கன்சாஸ் நகரிற் கூடி ஒரே பட்டியலை வகுத்தனர். 1952இல் அதிற் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. 1967இல் தன்சானியாவிற் கண்டெடுக்கப்பட்ட தன்சானைற்று என்னும் கல் 2002இலும், ஸ்பினெல் 2016இலும் பட்டியலில் ஏறின. ஆகவே, இன்று கடைகளிற் காணும் பட்டியல் முனிவர் வாக்கன்று. வணிகர் வகுத்த ஒழுங்கேயாகும். இதை அறிந்துகொண்டால் வீண் அச்சமும் வீண் ஆசையும் குறையும்.

அப்பட்டியல் வருமாறு: தை மாதத்தை ஒட்டிய ஜனவரிக்குக் கார்னெட், பெப்ரவரிக்குச் செவ்வந்திக்கல், மார்ச்சுக்கு அக்குவாமரைன், ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்துக்கு மரகதம், ஜூனுக்கு முத்து, சந்திரகாந்தக்கல், அலெக்சாந்திரைற்று, ஜூலைக்கு மாணிக்கம், ஓகஸ்டுக்குப் பெரிடொட், ஸ்பினெல், செப்டெம்பருக்கு நீலம், ஒக்டோபருக்கு ஓப்பல், தோரமல்லி, நவம்பருக்கு டோபாஸ், சிற்றின், டிசெம்பருக்கு டர்கொய்ஸ், சிர்க்கோன், தன்சானைற்று.

இவற்றுள் வைரம், மரகதம், ஓப்பல், டர்கொய்ஸ், தன்சானைற்று போன்ற சில நீங்கலாக ஏனையவற்றுட் பெரும்பாலானவை இச்சிறு தீவிலே கிடைக்கின்றன என்பது வியப்புக்குரியது. சந்திரகாந்தக்கல்லுக்குத் தென்மாகாணத்து மீட்டியாகொடை பேர்பெற்றது. முத்துக்கு மன்னார்க் கடல் பண்டைக்காலந்தொட்டுப் புகழ்பெற்றது. நிறமற்ற சிர்க்கோனை ‘மாத்தறை வைரம்’ என முன்னோர் அழைத்தனர். ஆங்கிலேயர் வழங்கும் ‘டூர்மலின்’ என்ற சொல்லே சிங்களத் ‘தோரமல்லி’யின் திரிபு. நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் பொதுவாகிய கனிமத்தை உலகம் ‘கொறண்டம்’ என்கின்றது; அது நமது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதாகும். நீலமும் மாணிக்கமும் ஒரே பொருள் என்பதைப் பலர் அறியார். குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு. இரும்பும் டைற்றேனியமும் கலந்தால் நீலம்.

இந்நாட்டு நீலத்தின் பெருமைக்கு இரண்டு சான்றுகள் போதும். நியூயோர்க் நகரின் இயற்கை வரலாற்று நூதனசாலையிலுள்ள ‘இந்திய நட்சத்திரம்’ என்ற 563 கரட் நட்சத்திர நீலம், பெயரில் மாத்திரமே இந்தியாவுக்குரியது, பிறந்தது இலங்கையில். 1964இல் திருடப்பட்டு மறு ஆண்டு மீட்கப்பட்டது. பெல்மதுளைப் பகுதியில் 1926இற் கிடைத்த ‘ஆசியாவின் நீல அழகி’ 392 கரட்டுக்கு மேற்பட்டது. 2014இல் ஜெனீவாவில் ஏறத்தாழ 1 கோடி 73 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

நவரத்தினமும் நவக்கிரகமும்

நமது மரபு வேறு. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரை மாநகரின் வணிகர் வீதியில் ஒன்பது மணிகளின் குணமும் குற்றமும் விரித்துக் கூறப்படுகின்றன. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும் இருந்தன என்பதிலேயே அக்காவியத்தின் நீதி தங்கியிருக்கின்றது. சோதிட நூலார் ஞாயிற்றுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புஷ்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், இராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என வகுத்தனர். இங்கே மாதம் என்ற பேச்சே இல்லை. ஒருவர் பிறந்த நேரத்திற் கோள்கள் நின்ற நிலையே நோக்கப்படுகின்றது. இவ்விரண்டையும் கலந்து ‘ராசிக்கல்’ என்று விளம்பரம் செய்வோர், மேல்நாட்டுப் பட்டியலையும் அறியார். நம் சோதிடத்தையும் அறியார்.

இந்தக் குழப்பம் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. தொரன்றோவில் வாழும் என் தமக்கையாரின் மகளுக்கு இவ்வாண்டு செப்டெம்பரில் 21 வயது நிறைகின்றது. அங்குள்ள தோழியர் யாவரும் பிறந்த மாதக் கல் பதித்த மோதிரம் அணிகின்றனர் என்றும், தன் கல் பாட்டி பிறந்த நாட்டிலிருந்தே வரவேண்டும் என்றும் அவள் விரும்பினாள். தமக்கையார் பணத்தை அனுப்பி, “தம்பி, நல்ல கல்லாய் நீயே நின்று பார்த்து வாங்கு” என எழுதினார். யாழ்ப்பாணத்திலுள்ள அன்னையாரோ இதைக் கேட்டதும் திடுக்குற்றார்.

“நீலம் சனீஸ்வரனுடைய கல்லு, தம்பி. சாதகம் பாராமல் குமர்ப்பிள்ளையின்ரை கையிலை போட்டிடாதை” என்றார்.

அன்னையாரின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அவர் தம் காலத்திற் கண்டவை பல. ஏழரைச் சனி விலகுமென்று தாலிக்கொடியை அடகு வைத்து நீலம் வாங்கிய குடும்பத்தை அவர் அறிவார். கலியாணம் கூடவில்லை என்று பவளத்துக்கும், பரீட்சையில் தேறவில்லை என்று மரகதத்துக்கும் கடன்பட்டவர்களையும் அறிவார். கல்லால் வந்த துன்பம் என்று அவர் கூறியதிற் பெரும்பகுதி, கடனால் வந்த துன்பமே.

இந்துக் கல்லூரியில் மாணவர்க்குத் திருமுறை கற்பிக்கும்போது நான் வழக்கமாக எடுத்துரைக்கும் ஒன்றை அன்னையாருக்கும் நினைவூட்டினேன். திருஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்படுகையில், நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தார். அதற்கு மறுமொழியாகச் சம்பந்தர் பாடியதே கோளறு பதிகம். அடியாரைக் கோள்கள் வருத்தா என்பதே அதன் கருத்து. நாள்தோறும் அப்பதிகத்தை ஓதுகின்ற நாம் ஒரு நீலக்கல்லுக்கு அஞ்சலாமா? அன்னையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அப்ப கல்லை முதலிலை இஞ்சை கொண்டுவா, பிள்ளையாரின்ரை பாதத்திலை வைச்சுப்போட்டு அனுப்புவம்” என்றார். வழக்கு இவ்வாறு இணக்கமாயிற்று.

கல்லைத் தேரும் முறை

இரத்தினபுரியில் தெமுவாவத்தைப் பகுதியிலும் மணிக்கூட்டுக் கோபுரத்தை அடுத்த தெருக்களிலும் காலை வேளையிற் கல் வணிகம் நடைபெறுகின்றது. வீதியோரத்தில் நிற்பவரின் கைக்குட்டைக்குள்ளும் மடித்த வெள்ளைக் கடதாசிக்குள்ளும் இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதியான கற்கள் இருக்கும். முன்னாளில் வணிகர் இருவர் துணியொன்றின் மறைவிற் கைபிடித்து, விரல்களைத் தொட்டே விலை பேசுவர்; அருகில் நிற்பவருக்கும் விலை தெரியாது. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் இருக்கின்றனர். நமக்குப் பழக்கமான முதிய வணிகரொருவர் கூறிய அறிவுரைகளும் நாம் படித்தறிந்தவையும் வாசகர்க்குப் பயன்படலாம்.

முதலாவது, கல்லைப் பகல் வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். “மாஸ்டர், லைட்டுக்குக் கீழே கல்லு வாங்காதீங்க, வெளியில வந்து, வெயில்ல இல்லாம நிழல்ல வச்சுப் பாருங்க” என்றார் அவர். கடையின் விளக்குகள் நிறத்தை மாற்றிக் காட்டும். பகலிற் பச்சையாயிருந்து விளக்கொளியிற் சிவக்கும் அலெக்சாந்திரைற்றுக்கு மாத்திரம் இரண்டு வெளிச்சமும் வேண்டும்.

இரண்டாவது, கல்லைப் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். நீலத்தில் நிறம் ஒருசீராக இருப்பதரிது. பட்டை தீட்டும் வல்லுநர், நிறமுள்ள பகுதி கல்லின் அடிமுனையில் வருமாறு அமைப்பர். மேலிருந்து நோக்கும்போது கல் முழுதும் நீலமாகத் தோன்றும். இது வஞ்சகமன்று, தொழில் நுட்பமே. ஆயினும் வாங்குபவர் அறிந்து வாங்குதல் நன்று.

மூன்றாவது, கல்லுக்கு என்ன செய்யப்பட்டிருக்கின்றது என்று கேட்க வேண்டும். பால்போல் மங்கிய ‘கௌடா’க் கற்களை முன்னர் எவரும் மதிப்பதில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, மிகுந்த வெப்பத்திற் சூடேற்றி நல்ல நீலமாக்கினர். பின்னர் நம்மவரும் அதைக் கற்றனர். இன்று சந்தையிலுள்ள நீலங்களுட் பெரும்பாலானவை சூடேற்றப்பட்டவையே. அவையும் உண்மையான கற்களே, நிறமும் நிலையானது. ஆனால், சூடேற்றாத கல்லுக்கு விலை அதிகம். ஆகவே எது என்று தெரியாமற் பணம் கொடுக்கலாகாது. கண்ணாடி நிரப்பிய மாணிக்கமும், 1902இல் வேர்நொய் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட முறையால் ஆலையிற் செய்யப்படும் செயற்கைக் கல்லும் வேறு. செயற்கைக் கல்லின் உள்ளே உருப்பெருக்கியால் நோக்கினால் வளைந்த கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லிற் கோடுகள் நேராக இருக்கும். ஐயமிருப்பின் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனையை நாடுதல் முறை. எழுத்தில் தர மறுக்கும் வணிகரிடம் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

நான்காவது, பெயரில் ஏமாறலாகாது. சோதிடர் கூறும் புஷ்பராகம் மஞ்சள் நிறக் குருந்தம். அதே பெயரால் டோபாசும், அதனினும் மலிவான சிற்றினும் விற்கப்படுகின்றன. மூன்றும் மஞ்சளே, விலையோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

ஐந்தாவது, எக்கல் எந்நகைக்கு உகந்தது என எண்ண வேண்டும். வீட்டுத் தூசியில் மணல் இருக்கின்றது. அதன் கடினம் 7. அதற்குக் குறைந்த கடினமுடைய முத்து, ஓப்பல், சந்திரகாந்தக்கல் ஆகியவை நாள்தோறும் அணியும் மோதிரத்திலிருந்தால் விரைவில் உராய்ந்து மங்கும். அவற்றைத் தோட்டிலோ பதக்கத்திலோ பதித்தல் நன்று. முத்துக்கு வாசனைத் திரவியமும் வியர்வையும் ஆகா. மரகதமும் டோபாசும் கடினமாயினும் தட்டுப்பட்டால் உடையும் இயல்பின. நீலமும் மாணிக்கமும் 9 என்னும் கடினமுடையவை. சமைக்கும் கையும் எழுதும் கையும் அஞ்சாமல் அணியலாம்.

நாம் ஒரு கரட்டுக்குச் சற்று அதிகமான, வெளிர்நீலக் கல்லொன்றைத் தேர்ந்தோம். ஒரு கரட் என்பது ஒரு கிராமில் ஐந்திலொரு பங்கு. மஞ்சாடி விதையொன்றின் பாரமளவுகூட வராது. சூடேற்றியது என்று வணிகரே கூறினார். சான்றிதழும் அவ்வாறே கூறிற்று. தமக்கையார் அனுப்பிய பணத்தில் மிச்சமும் இருந்தது. இருண்ட நீலமே உயர்ந்ததென்று பலர் எண்ணுவர். இலங்கை நீலத்துக்கு உலகிற் பேர் தந்தது, ஒளி ஊடுருவி நிற்கும் அந்தத் தெளிவான நிறமே.

இனி, பிறந்த மாதக் கல் அணியலாமா என்று வாசகர் வினவக்கூடும். விருப்பமிருந்தால் அணியலாம், கடன்பட்டு அணிய வேண்டாம். குழந்தையின் பிறந்தநாளை நினைத்து ஒரு சிறு கல்லை வாங்கி வைப்பது இனிய வழக்கமே. அதனால் விதி மாறுமென நம்பிப் பெருந்தொகை கொடுப்பதற்கு வணிகர் சங்கத்துப் பட்டியலும் இடந்தரவில்லை. நமது சமயமும் இடந்தரவில்லை.

இரத்தினபுரிக்குச் செல்வோர் கடைவீதியோடு திரும்பிவிடாமல், அனுமதி பெற்று ஒரு குழியையும் பார்த்து வருவாராக. தோண்டி முடிந்த குழியை மண்ணிட்டு மூடுதல் சட்டப்படி கடமை. அவ்வாறு மூடிய இடத்தில் நெல் மீண்டும் விளைகின்றது. மூடாது விட்ட இடத்தில் நீர் தேங்கி, கால்நடைக்கும் குழந்தைக்கும் கண்ணியாகின்றது. குருவிட்டவில் நாம் சென்ற குழிக்கு அயலில், சென்ற ஆண்டு மூடப்பட்ட குழியொன்றின் மேல் இப்போது பயிர் முழங்காலளவு நிற்கின்றது. குழி இருந்த இடத்தைச் சுட்டிக் காட்டியவர் அந்தத் தோட்டத்துத் தமிழரே. அவர் காட்டாவிடில் நாம் அறிந்திருக்கமாட்டோம்.